முப்பத்தொன்பது தலைப் படம்

காலை ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் வந்து நின்ற கம்பெனி பஸ்ஸில் முதலில் என் கண்ணில் பட்டது, முன்கண்ணாடியின் இடது மூலையில் செருகியிருந்த ஓர் அட்டை. வழித்தட எண் இருக்கவேண்டிய இடம் அது. அதில் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: "இன்றைய படம் 31 தலை. டிபனை முன்னாடியே முடித்துக்கொள்ளவும்."

சினிமாவைப் பற்றி இவ்வளவு தீர்மானமாகப் பேசியவர் இந்த மாநிலத்தில் வேறொருவர் இருக்க முடியாது. சினிமாவை இவ்வளவு குறைவாகப் பார்த்தவரும் வேறொருவர் இருக்க முடியாது. இரண்டு பேரும் ஒரே ஆள். அந்த பஸ்ஸின் டிரைவர். பெயர் ஜூரி.

படங்களுக்குத் தீர்ப்புச் சொல்வதால் வண்டியில் வைத்த பட்டப்பெயர் அது. லைசென்ஸில் வேறு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. வண்டியில் யாருக்கும் தெரியாது. காஞ்சிபுரத்தில் ஆறேகாலுக்கு எடுத்து, ராஜகுளம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஆட்களை அள்ளிக்கொண்டு, ஏழு நாற்பதுக்கு ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவார். சாயங்காலம் அதே வழியில் திரும்பக் கொண்டுபோய் விடுவார். கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை அது. நான் வேலை பார்த்த நாளிதழ் காஞ்சிபுரம் பதிப்பை மூடியபோது எனக்குக் கிடைத்த வேலை, அங்கே அறிவிப்புகளைத் தமிழில் எழுதுவது. "கையுறை அணிக", "ஈரத்தரை, கவனம்", "கேன்டீனில் தட்டைத் தூக்கி எறியாதீர்." சுவரில் ஒட்டுகிற எல்லாத் தமிழும் என்னுடையது.

பஸ்ஸில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு தடுப்பு. அதன் மேல், பயணிகளைப் பார்த்தபடி ஒரு டி.வி. பென்டிரைவில் படம் ஏற்றி ஜூரி தினமும் போடுவார். எந்தப் படம் என்பது அவர் முடிவு. அதில் மேல்முறையீடு கிடையாது. சேர்ந்த முதல் வாரம், அன்று ஓடிய படத்தின் நாயகனைப் பற்றி அவரிடம் ஏதோ கேட்டேன்.

"அவரு மூஞ்சி எப்டி இருக்கும்னு தெரியாது சார். கொரல் நல்லா கீது."

"படம் பார்த்ததில்லையா?"

"டி.வி. எனுக்குப் பின்னாடி கீது. நான் ரோட்டைப் பாக்கறதா, படத்தைப் பாக்கறதா? ஆனா ஒண்ணு." தலைக்கு மேலே இருந்த அகலமான உள்கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். "படம் பாக்கறவங்களைப் பாக்கறேன். ஏழு வருசமா."

அதுதான் அவருடைய விமர்சன முறை. கண்ணாடியில் எத்தனை தலை நிமிர்ந்து திரையைப் பார்க்கிறது என்று எண்ணுவார். மொத்தம் நாற்பத்திரண்டு இருக்கை. பத்துத் தலைக்குக் கீழே போன படம் மறுபடி வண்டியில் ஏறாது. இருபது சுமார். முப்பதைத் தாண்டினால் அட்டையில் எழுதி ஊரறிய மாட்டிவிடுவார்.

"பெரிய படம்னா இன்னா தெரியுமா சார்? கதை, பாட்டு, சண்டை அதெல்லாம் வுடுங்க. டிபன் பாக்ஸைத் தொறந்து இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோறான் பாருங்க, அந்தக் கை பாதி வழில நின்னுடணும். சட்னி மடில சொட்டணும். சொட்டறது அவனுக்குத் தெரியக்கூடாது. அது படம்."

இது காலைக் கணக்கு. மாலையில் அளவுகோல் வேறு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் தான் இறங்கவேண்டிய இடத்தை மறந்து படத்தில் உட்கார்ந்திருந்தால் அது நல்ல படம். அவனை எத்தனை நிறுத்தம் தாண்டி இழுத்துச் சென்றது என்பதுதான் அதன் தரம். "அது சாதா படம் சார், சத்திரத்துக்காரன் சத்திரத்துலயே எறங்கிட்டான்" என்பார். "இது ராஜகுளம் வரைக்கும் இழுத்த படம்" என்று சொன்னால் அதற்குமேல் விருது இல்லை.

பேக்கிங் பிரிவில் செல்வி என்று ஒரு பெண் இருந்தார். வாலாஜாபாத் பக்கத்து ஊரில் பிறந்து சுங்குவார்சத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவர். வாய்க்கு வேகத்தடை கிடையாது. ஒரு மாலை, ஒரு கோர்ட் காட்சியில் லயித்துப்போய், சுங்குவார்சத்திரத்தில் இறங்காமல் ராஜகுளம் வந்துவிட்டார். கணவர் ஃபோனில் கத்தினார். செல்வி ஃபோனை ஜூரியிடம் நீட்டினார். ஜூரி வண்டியை ஓரம் கட்டிவிட்டு வாங்கினார்.

"யோவ், என் பொண்டாட்டிய எங்கய்யா இட்டுகினு போற?" ஸ்பீக்கரில் பஸ் முழுவதும் கேட்டது.

"நான் இட்டுகினு போவலபா. படம் இட்டுகினு போச்சு."

"எந்தப் படம்?"

ஜூரி பெயரைச் சொன்னார். "அதுவா? அந்த ஜட்ஜு தீர்ப்பு சொல்லிட்டானா?" என்றது குரல். கணவர் பைக்கில் ராஜகுளம் வருவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. அடுத்த வாரம் செல்வி வழியாக, பார்க்கவேண்டிய படங்களின் பட்டியல் கேட்டு அனுப்பினார்.

காதால் மட்டும் சினிமா பார்ப்பதில் இடைஞ்சல்கள் உண்டு. இரட்டை வேடப் படங்கள் அவருக்குத் தலைவலி. "ஒரே கொரல்ல ரெண்டு பேரு சண்ட போட்டுகினு கீறானுங்க. ஒருத்தன் அடிக்கிறான், அவனே அம்மான்றான். கேட்டா ஒரே ஆளுன்றாங்க. இன்னா சார் இது?" விருதெல்லாம் வாங்கிய ஒரு படத்தில் ஆறு நிமிடம் வசனமே கிடையாது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து, மாம்பாக்கம் அருகே வண்டியை நிறுத்தி, இறங்கி, பின்பக்கமாக ஏறி, இருக்கை மேல் நின்று, ஒயரைப் பிடுங்கிவிட்டார். படத்தில் நாயகி அப்போதுதான் வாயைத் திறக்க இருந்தாள். நாற்பது பேரும் சேர்ந்து கூச்சல் போட்டார்கள். அந்தப் படத்தை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. "பேசத் தெரியாதவன்லாம் ஏன் சார் படம் எடுக்கறான்?"

ஓர் ஆயுதபூஜை விடுமுறையில் நாங்கள் நாலைந்து பேர் அவரைக் காஞ்சிபுரத்தில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப்போனோம். மனிதர் ஒருமுறையாவது திரையைப் பார்க்கட்டுமே என்று. படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தார். பதினைந்தாவது நிமிடம் இருக்கையில் முழங்காலிட்டு, பின்பக்கம் திரும்பி, சாய்மானத்தில் முகவாயை வைத்துக்கொண்டு ஜனங்களைப் பார்க்க ஆரம்பித்தார். பின்வரிசைக்காரர் ஐந்து நிமிடம் பொறுத்தார்.

"இன்னாடா மொறைக்கிற?"

"மொறைக்கலபா. நீ பாரு. நல்லா பாக்கற. அப்டியே வாயைத் தொற."

கைகலப்பு பெரிதாகாமல் நாங்கள் வெளியே இழுத்துவந்தோம். வாசலில் நின்று சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "சுமார்தான் சார். மூணாவது வரிசைல ஒருத்தன் கொட்டாவி வுட்டான்."

இதுவரை சொன்னவையெல்லாம் சிரிக்கத் தக்கவை. இனிமேல் வருவதையும் ஜூரி அப்படித்தான் சொல்வார்.

ஒரு வியாழக்கிழமைக் காலை. அன்றைக்கு ஓடிய படம் முழுநீள நகைச்சுவை. பெயர் வேண்டாம், வண்டியில் எல்லோருக்கும் அது பஜ்ஜி படம்தான். மின்சார மீட்டரைக் கணக்கெடுக்க வந்த இரண்டு பேரை, பெண் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து உட்காரவைத்து, ஒரு குடும்பமே பஜ்ஜி பரிமாறி உபசரிக்கும். "பொண்ணு நல்லா பாடுவா" என்பார் அப்பா. "மீட்டர் எங்கங்க இருக்கு?" என்பார் வந்தவர். "அதையெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் அப்பா. இப்படிப் பதினைந்து நிமிடம் போகும்.

ஏழு மணி பதினான்கு நிமிடத்துக்கு, பஜ்ஜி காட்சியின் நடுவில், வண்டியிலிருந்த ஃபோன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் போட்டன. அப்போதெல்லாம் ஃபோன் எல்லோரிடமும் இருந்தது. ஆனால் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. தொழிற்சாலையின் அறிவிப்பு. "பி லைன் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வரும் ஒன்றாம் தேதி முதல் பணிக்கு வரத் தேவையில்லை."

அதை முந்தைய நாள் மாலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். "தேவையில்லை" என்பதா, "வேண்டாம்" என்பதா என்று சற்று யோசித்து, தேவையில்லை என்பதே மரியாதை என்று முடிவு செய்திருந்தேன். அந்த வாக்கியத்தில் இன்றுவரை என்னால் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வண்டியில் இருபத்தாறு பேர் பி லைன் எனும் உற்பத்தி வரிசையின் ஒப்பந்த ஆட்கள். முதலில் ஒரு பெண் விசும்பினாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தோளைப் பிடித்தாள். பிடித்தவளும் பி லைன்தான். வேலை தப்பிய மற்றவர்களுக்கும் அதைப் பார்த்துக் கண் கலங்கியது. ஆண்கள் பல்லைக் கடித்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியாதவர்கள் எதிரே இருப்பதைத்தான் பார்ப்பார்கள். எதிரே டி.வி. இருந்தது. டி.வி.யில் இரண்டாவது தட்டு பஜ்ஜி வந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் நிமிர்ந்து, அதைப் பார்த்தபடி, அழுதார்கள்.

ஜூரி போக்குவரத்து ஒப்பந்தக்காரரின் ஆள். அந்த வாட்ஸ்அப் குழுவில் அவர் இல்லை. இருந்தாலும் வண்டி ஓட்டும்போது ஃபோனைத் தொடமாட்டார். அவருக்குக் காதில் கேட்டது பஜ்ஜி. கண்ணாடியில் தெரிந்தது அழுகை.

வாசலில் எல்லோரும் இறங்கிப்போன பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா சார்? முப்பத்தொம்போது தலை! அழுவறாங்க சார், மெய்யாலுமே அழுவறாங்க. இன்னா சீனு அது? பஜ்ஜி சீனு! சோக சீனுல எவன் வேணா அழவெப்பான் சார், புள்ளைய சாவடிச்சா ஆச்சு. சிரிப்பு சீனுல அழவெச்சான் பாருங்க, அவன் டைரக்டரு!"

நான் இறங்குவதற்குப் படியில் கால் வைத்தேன்.

"உங்க தலை மட்டுந்தான் சார் கடைசி வரைக்கும் நிமிரல. பேப்பர்ல இருந்தவருன்றாங்க. ரசனையே இல்லியே சார் உங்களுக்கு."

அடுத்த மாதம் வண்டியில் பாதி முகம் மாறியிருந்தது. அதில் அவருக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. ஒப்பந்த ஆட்கள் வருவதும் போவதும் இந்தச் சாலையில் செய்தியே அல்ல. பத்திரிகையில் இருந்திருந்தால் நானே அதை ஒரு பத்திக்குமேல் எழுதியிருக்க மாட்டேன்.

அதன்பிறகு மூன்று வருடம், பார்ப்பவர்களிடமெல்லாம் பஜ்ஜி படத்தைப் பரிந்துரைத்தார். சுங்கச்சாவடியில் சீட்டுக் கிழிப்பவரிடம் சொன்னார். வண்டியை மடக்கிய போலீஸ்காரரிடம் சொன்னார். எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒரு செக்யூரிட்டிக்காரர் தகப்பனாரை இழந்து பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தார். அவரிடம் போய், "அழுகை வராம நெஞ்சு அடைச்சிகினு இருந்தா இந்தப் படத்தைப் பாரு. பஜ்ஜி சீனுல எல்லாம் வெளிய வந்துடும்" என்றார். மனிதர் பார்த்தார். மறுநாள் தெளிந்த முகத்தோடு வந்து, "வயிறு வலிக்கச் சிரிச்சேன்ணே. மனசே லேசாயிடுச்சு" என்றார். ஜூரிக்கு வந்த கோபம் ஒரு வாரம் தணியவில்லை. "அவனுக்குப் படம் பாக்கத் தெரில சார். சோறு ஆக்கிப் போட்டா கை கழுவறான்."

செல்வி ஒருமுறை அவரிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். ஜூரி அப்போது, அந்த முப்பத்தொன்பது பேரில் யார் யார் எந்த இருக்கையில் எப்படி அழுதார்கள் என்று ஒரு புது ஆளிடம் விவரித்துக்கொண்டிருந்தார். "ஏழாவது சீட்டு ஜன்னலோரம் ஒரு பொண்ணு, துப்பட்டாவைக் கடிச்சிகினு..." செல்வி வாயை மூடிக்கொண்டார். நான் அறிந்தவரை அது அவர் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நடந்தது.

பிறகு தலைகள் விழ ஆரம்பித்தன. ஃபோன் பையிலிருந்து கைக்கு வந்தது. காதில் ஆளுக்கொரு பொத்தான். முப்பது தலைப் படம் பதினெட்டானது, பதினெட்டு ஒன்பதானது. கண்ணாடியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் உச்சந்தலைகள். "யாருக்கு வழுக்கை வுழுதுன்னு மட்டும் கரெக்டா சொல்லிடுவேன் சார்" என்றார். விடாமல் முயன்றார். சத்தத்தைக் கூட்டினார். அட்டையில் "பத்தாவது நிமிடம் ஒருவன் செத்துப்போவான், தவறவிடாதீர்" என்று எழுதினார். ஒருநாள் படத்தைப் பாதியில் நிறுத்தி, வண்டியை ஓட்டிக்கொண்டே மீதிக் கதையைத் தானே சொன்னார். நிமிர்ந்தது ஒரு தலை. அதுவும் கழுத்து வலிக்காக.

தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவு இதைக் கவனித்தது. டி.வி.யை எடுத்துவிட்டு வண்டியில் கேமரா பொருத்தப்போவதாகச் செய்தி வந்தது. ஜூரி அட்மின் அலுவலகத்துக்கு நாலுமுறை நடந்தார். நாலாம் முறை, அவரைத் துரத்துவதற்காகவே, அதிகாரி ஒன்று சொன்னார்: "திங்கக்கிழமை காலைல நானே உன் வண்டில வரேன். ஜனங்க பாக்கறாங்கன்னா டி.வி. இருக்கட்டும். பாக்கலன்னா சனிக்கிழமைக்குள்ள கழட்டிடுவேன்."

ஜூரி என்னிடம் வந்தார். கண் பளபளத்தது. "பஜ்ஜி படம் போடறேன் சார்."

"வேற ஏதாவது போடலாமே" என்றேன்.

"ஏன் சார்? நீங்கதான் அன்னிக்கி வண்டில இருந்தீங்களே. கண்ணால பாத்த சாட்சி நீங்க."

சாட்சி எழுந்து கேன்டீன் பக்கம் நடந்தான். அங்கே செல்வி இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்த வியாழக்கிழமை வண்டியில் இருந்து இன்னும் வேலையில் மிஞ்சியிருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"அவர்கிட்ட சொல்லிடலாமா செல்வி? அந்தப் படத்துக்கு யாரும் அழமாட்டாங்க. அன்னிக்கும் யாரும் அழலை."

"சொல்லிட்டு? டி.வி. போனா போவுது சார். அந்த ஒரு படந்தான் அவருகிட்ட மிச்சம் கீது. அதையும் புடுங்கணுமா?" கொஞ்சம் யோசித்தார். "நீங்க சும்மா இருங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்ட விதம் இது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டு, திங்கட்கிழமை யாரும் ஃபோனை எடுக்கக் கூடாது, தலையை நிமிர்த்த வேண்டும், பஜ்ஜி காட்சி வந்ததும் அழ வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஏன் அழவேண்டும் என்று கேட்டவர்களுக்கு, "அழு, அவ்ளோதான்" என்று விளக்கினார்.

திங்கட்கிழமை. அதிகாரி டிரைவருக்கு நேர் பின்னால், தடுப்பை ஒட்டிய முதல் இருக்கையில் ஒரு படிவத்தோடு உட்கார்ந்தார். அண்ணாந்துதான் திரையைப் பார்க்கவேண்டும். கண்ணாடியில் அந்த இருக்கை தெரியாது. மற்ற எல்லோரும் பள்ளிக்கூட ஃபோட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல் நிமிர்ந்திருந்தார்கள். முப்பத்தெட்டுத் தலை. ஒரு ஃபோன்கூட இல்லை. ஜூரி கண்ணாடியில் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. அவருடைய காது சிவந்துவிட்டது. ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார்.

பஜ்ஜி வந்தது.

செல்வி முந்தானையை எடுத்தார். அது சைகை. முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஓவென்று ஆரம்பித்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்து இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஓர் இளைஞன் வாட்டர் பாட்டிலைத் திறந்து கன்னத்தில் ஊற்றிக்கொண்டான். "ஐயோ, அந்த பஜ்ஜிய பாருங்க!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள் ஒருத்தி. பின்வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்கமுடியாமல் குலுங்கியதை, பக்கத்தில் இருந்தவர் அழுகை என்று காட்டுவதற்காக முதுகில் தடவிக்கொடுத்தார்.

வண்டி மெதுவானது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, சாலையோரம் நின்றது. ஜூரி எழுந்தார். தடுப்பைச் சுற்றி வந்து பயணிகளுக்கு முன்னால் நின்றார். பதினோரு வருடம் கண்ணாடியில் பார்த்தவர்களை நேராகப் பார்த்தார். டி.வி. அவருடைய தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. அப்போதும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"போதும்."

எல்லோரும் நிறுத்தினார்கள். நெல்லைக்காரன் மட்டும் கொஞ்சம் தாமதமாக.

"நடிக்கிறீங்க."

"இல்லண்ணே" என்றான் அவன். "நெசமாவே அழுதுட்டுல்லா கெடக்கேன். பாருங்க, கன்னமெல்லாம் தண்ணி."

"கன்னத்துல கீது. மூக்குல எங்க? அழுதவனுக்கு மூக்கு ஒழுவும்டா. ஒருத்தன் மூக்கு சிந்தினியா? எல்லாம் கண்ணைத் தொடைச்சிகினு கீறீங்க. அன்னிக்கி முப்பத்தொம்போது பேரும் மூக்கு சிந்தினாங்க. எனுக்கு சத்தம் கேட்டுச்சு." குரல் இறங்கியது. "எனுக்கோசரம் பண்றீங்க. தெரியுது. இன்னா ஒரு கேவலம் பாருங்க. டி.வி. பொட்டிக்காக நாப்பது பேரைப் பொய் அழுகை அழவெச்சிட்டேன்."

செல்வி ஏதோ சொல்ல எழுந்தார். ஜூரி கையைத் தூக்கி, திரும்பாமலேயே சுவிட்சைத் தடவி அணைத்தார்.

"யோவ்!" என்றது முதல் இருக்கை. "எதுக்குய்யா நிறுத்துன? அந்த மீட்டர்காரன் மூணாவது தட்ட வாங்குனானா இல்லியா?"

எல்லோரும் அதிகாரியைப் பார்த்தோம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிந்திருந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அந்தக் காலையில் படம் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கண்ணாடியில் தெரியாத ஒரே இருக்கை.

பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. படிவத்தை எடுத்தார். "சரி, நீயே சொல்லு. பயணிகள் டி.வி. பாக்கறாங்களா? ஆமாவா, இல்லையா?" அவர் பேனாவை "ஆம்" கட்டத்தின் மேல் வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

"இல்ல சார்" என்றார் ஜூரி.

"யோசிச்சு சொல்லுய்யா."

"இல்லன்னு போடுங்க சார். குறிப்புன்னு ஒரு எடம் கீதே, அதுல எழுதுங்க: நடிப்பு சரியில்ல."

சனிக்கிழமை டி.வி.யைக் கழற்றினார்கள்.

நான் வேலையை விட்டது அதற்கு இரண்டு மாதம் கழித்து. கடைசி நாள் மாலை, முன்பக்கம் இன்ஜின் பெட்டிக்கு அருகில் இருந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தேன். டி.வி. இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள். டிரைவருக்கு எதிரே, முன்கண்ணாடியை ஒட்டி, விரல் அளவுக்கு ஒரு கேமரா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அட்டை செருகும் இடத்தில் வழித்தட எண் இருந்தது.

"நான் கண்ணை மூடினா அது கூவும் சார்" என்றார். "நல்லா பாக்குது. பதினோரு வருசத்துல இவ்ளோ நல்லா பாக்கற ஆள் எனுக்கு கெடைக்கல."

"எத்தனை தலைன்னு எண்ணுமா?"

"அதுக்கு ஒரு தலைதான் சார்."

ஒரகடம் பாலம் தாண்டியது. எல்லோர் முகத்திலும் கீழேயிருந்து நீலமாக ஒரு வெளிச்சம். உள்கண்ணாடி மட்டும் பழையபடியே இருக்கைகளை நோக்கித் திரும்பியிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் வண்டி நின்றபோது, சாலையைப் பார்த்தபடி கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கணும். பேப்பர்ல இருந்தவரு, பொய் சொல்லமாட்டீங்க. அன்னிக்கி முப்பத்தொம்போது பேரு அழுதாங்களே. படத்துக்குத்தான அழுதாங்க?"

"படத்துக்குத்தான்" என்றேன்.

"உங்க தலை மட்டும் நிமிரல."

"எனக்கு ரசனை இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவர் கையை உயர்த்தி உள்கண்ணாடியைச் சற்றே என் பக்கம் திருப்பினார். அதில் என் முகத்தைப் பார்த்தார். நெரிசல் விலகும்வரை பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பழைய இடத்துக்கே திருப்பிவைத்து, கியரைப் போட்டார்.

"செரி சார்" என்றார்.

நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் இறங்கவேண்டிய இடம் சுங்குவார்சத்திரம். இறங்கியது ராஜகுளத்தில்.